'பேக்கப் முடிந்தது' என்று கணினி சொன்னால் நம்பலாமா? கிளிநொச்சிக் கடையில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுபோகக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் தன் மடிக்கணினியைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ஹார்ட்டிஸ்க் போய்விட்டது. காதைக் கிட்ட வைத்தால் பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று சத்தம். உள்ளே எட்டு வருடக் கணக்கு இருந்தது: யாருக்கு எத்தனை ஏக்கர், போன சிறுபோகத்தில் யாருக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைத்தது, யார் விட்டுக்கொடுத்தது, யாருடைய பங்கில் இன்னும் பிணக்கு.

ஆனாலும் மனுசன் பதறவில்லை. பையில் இருந்து ஒரு வெளி டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேக்கப் இருக்குத் தம்பி. மணித்தியாலத்துக்கு ஒருக்கா தானா எடுக்கும் எண்டு மருமோன் போட்டுத் தந்தவர். நேற்றும் பாத்தனான், கடைசியா எடுத்த நேரம் காட்டினது."

செருகிப் பார்த்தேன். உண்மைதான், விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஒரு மணித்தியாலம்கூடத் தவறவில்லை. இரண்டு சுயவிபரக்கோவை, மகளின் ஸ்கேன் செய்த வினாத்தாள்கள், ஒரு கல்யாண அழைப்பிதழ், டெஸ்க்டொப்பில் கிடந்த நாலைந்து படங்கள் எல்லாம் இருந்தன. கணக்கு இல்லை.

"கணக்கெல்லாம் எங்கை வச்சனீங்கள் அண்ணை?"

"டீ டிரைவிலதான். சீ போனாலும் டீ போகாது எண்டு கடைக்காரர் சொன்னவர்."

அப்படிச் சொல்லிவந்த கடைக்காரர்களில் நானும் ஒருவன். பத்து வருடமாக விண்டோஸ் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, "முக்கியமானதை டீயில வையுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஃபைல் ஹிஸ்டரி டீ டிரைவைத் தானாகப் பார்க்காது என்பதை ஒரு நாளும் சொன்னதில்லை. இத்தனைக்கும் எனக்கே அது அப்போது தெரியாது.

பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் பழுதாவதில்லை. எடுத்ததைச் சொல்லும், எடுக்காமல் விட்டதைச் சொல்லாது, அதுதான் அவற்றின் குறை. எனவே இந்த வழிகாட்டியில் எந்த மென்பொருள் நல்லது என்று வரிசைப்படுத்தப் போவதில்லை. ஒவ்வொன்றும் எதை விடுகிறது, அந்த ஓட்டையை நாம் எப்படி அடைப்பது என்றுதான் போகிறேன்.

படி 1: கணினியைத் திறக்க முன்னர் ஒரு தாளை எடுங்கள்

திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவை எவை என்று எழுதுங்கள். சங்கக் கணக்கு, கல்யாண வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் ஒப்படைகள், காணிப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள். சினிமாப் படமும் பாட்டும் வேண்டாம், அவை எங்கேயும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது இருக்கும் இடத்தையும் எழுதவேண்டும். "கணினியில்" என்று எழுதினால் போதாது. சீயா டீயா, எந்த ஃபோல்டர், எத்தனை ஜிபி என்பதுவரை எழுதுங்கள். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவும் கோப்பு எண்ணிக்கையும் வரும். அந்த எண்ணிக்கையைக் கட்டாயம் குறித்து வையுங்கள், கடைசிப் படியில் அது வேண்டும்.

எழுதும்போது பலர் மறக்கிற ஒன்று எழுத்துரு. நமது பக்கத்துச் சங்கங்கள், பாடசாலைகள், அச்சகங்களில் இன்றைக்கும் பழைய ஆவணங்கள் பாமினியில்தான் கிடக்கின்றன. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறை அல்ல. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. வேர்ட் கோப்பைக் காப்பாற்றிவிட்டு எழுத்துருவை விட்டால், புதுக் கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் கொட்டிக் கிடக்கும். கோப்பு பழுதென்று நினைத்து அழிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. அண்மைக்கால விண்டோஸில் பயனர் கணக்கின் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கலாம். இந்த இரண்டு இடங்களையும் ஃபைல் ஹிஸ்டரி எடுக்காது. உங்களிடம் உள்ள தமிழ் எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் பிரதி செய்து ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 2: உங்கள் மென்பொருள் எதை விடுகிறது என்று பாருங்கள்

ஃபைல் ஹிஸ்டரி. 2012 இல் விண்டோஸ் 8 உடன் வந்தது, விண்டோஸ் 11 இலும் இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸில் தேடினால் அகப்படாது. கன்ட்ரோல் பேனலுக்குள் போகவேண்டும். டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற லைப்ரரிகளையும் (பல ஃபோல்டர்களை ஒரே பெயரில் சேர்த்துக் காட்டும் விண்டோஸின் தொகுப்புகள்) டெஸ்க்டொப்பையும் எடுக்கும். டீ டிரைவ் இல்லை, ஆப்டேட்டா இல்லை. அதனால் உலாவியில் சேமித்த புக்மார்க்கும் கடவுச்சொல்லும் இல்லை, நிறுவிய மென்பொருள்களும் இல்லை. விண்டோஸ் 10 இல் செட்டிங்ஸிலேயே ஒரு ஃபோல்டரைக் கூட்டிச் சேர்க்கலாம். 11 இல் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். விலக்குகிறதற்கு இடம் இருக்கிறது, சேர்க்கிறதற்கு இல்லை! யார் யோசித்த வேலையோ தெரியாது.

இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. டீயில் உள்ள ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ஷோ மோர் ஒப்ஷன்ஸ் போய், இன்க்ளூட் இன் லைப்ரரி என்பதில் டொக்யுமென்ட்ஸைத் தெரிவுசெய்யுங்கள். ஃபோல்டர் இடம் மாறாது, டீயிலேயே இருக்கும். ஆனால் லைப்ரரியின் அங்கமாகிவிடுவதால் ஃபைல் ஹிஸ்டரி அதையும் எடுக்கத் தொடங்கும். செயலாளரின் மருமகன் இந்த ஒரு கிளிக்கைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

அடுத்த குறை, இடம். ஒரு கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் முழுக்கோப்பையும் புதிதாக எடுக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் அத்தனையும் புதுக் கோப்பென்று நினைத்து இன்னொரு முறை எடுக்கும். பழைய பிரதிகளை எப்போதைக்கும் வைத்திரு என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு, எனவே டிஸ்க் மளமளவென்று நிறையும். அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் அதை ஒரு வருடம் என்று மாற்றி விடுங்கள்.

மூன்றாவது, நீளம். பாதை நீண்டுபோன கோப்புகளை ஃபைல் ஹிஸ்டரி சத்தமில்லாமல் விட்டுவிடும். விண்டோஸின் பழைய எல்லை 260 எழுத்து. அது நம் எழுத்துக் கணக்கு அல்ல என்பதுதான் பிரச்சினை. 'கிளிநொச்சி' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. 'முல்லைத்தீவு' நமக்கு ஆறு, அதற்குப் பன்னிரண்டு. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் அங்கே தனித்தனி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக 'முல்லைத்தீவு மாவட்ட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள்' என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டு போனால் நாலாவது தட்டிலேயே எல்லை தட்டும். தமிழில் பெயர் வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சுருக்கி வையுங்கள், மூன்று தட்டுக்குமேல் உள்ளே போகாதீர்கள். லினக்ஸிலும் இதே கதைதான்: ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறி மட்டும்.

இன்னொன்று, மீட்கும்போது தெரியவரும். கணினி செத்தபிறகு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகினால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் திகதியும் நேரமும் வால்போல ஒட்டியிருக்கும். அந்த நேரம் இலங்கை நேரம் அல்ல, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். நீங்கள் காலை 10 மணிக்குச் சேமித்தது 4.30 என்று இருக்கும். எது கடைசிப் பிரதி என்று பார்க்கையில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேக்கப் அன்ட் ரிஸ்டோர், விண்டோஸ் 7. 11 இலும் அந்தப் பெயரிலேயே கிடக்கிறது. டீ டிரைவையும் தெரிவுசெய்யலாம் என்பதால் சிலருக்குப் பிடிக்கும். கோப்புகளை நூற்றுக்கணக்கான சிப் பொதிகளாக உடைத்து வைக்கும், கையால் தேடி எடுப்பது வைக்கோலில் ஊசி தேடுகிற வேலை. முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே பிரதியாக, இமேஜாக, எடுக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் 2017 இலேயே மைக்ரோசொப்ட் அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த இமேஜை மீட்கப் போகும் டிஸ்க், பழைய டிஸ்க்கைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. நம் கடைகளில் அன்றாடம் நடக்கிற வேலை என்ன? பழைய 1 டிபி ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போடுவது. உள்ளே இருப்பது 80 ஜிபிதான் என்றாலும் அந்த இமேஜ் இறங்காது. வாடிக்கையாளரைக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டுதான் நான் அதைக் கற்றேன்.

சிஸ்டம் ரிஸ்டோர். இது பேக்கப்பே அல்ல. விண்டோஸின் உள்ளமைப்பை முன்னைய நாளுக்குத் திருப்பும், உங்கள் படத்தையும் கணக்கையும் தொடாது.

வன்ட்ரைவும் விண்டோஸ் பேக்கப் ஆப்பும். 2023 முதல் 'விண்டோஸ் பேக்கப்' என்று ஒரு ஆப் மெனுவில் தானாக வந்து நிற்கிறது. பெயரைப் பார்த்தால் எல்லாவற்றையும் எடுக்கும் என்று தோன்றும். உண்மையில் அது டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களையும் சில அமைப்புகளையும் மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான வன்ட்ரைவுக்கு அனுப்புகிறது. இலவச இடம் 5 ஜிபி, ஒரு கல்யாண வீட்டு ஆல்பத்துக்கே காணாது. அதைவிட முக்கியம், அது ஒத்திசைவு. நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் தப்பினீர்கள். இடத்தை மிச்சம்பிடிக்க, கோப்பின் நிழலை மட்டும் கணினியில் வைத்து உடலை மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், விட்டுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன முகில் படம் இருக்கும். சிக்னல் இல்லாத ஊரில் போய்த் திறந்தால் திறக்காது. ஃபைல் ஹிஸ்டரியும் அந்த நிழலை எடுக்காது. மிக முக்கியமான ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ் என்று கொடுத்து வையுங்கள்.

லினக்ஸ். பழைய மடிக்கணினிகளுக்கு நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பதுண்டு. அதோடு வரும் டைம்ஷிப்ட் உங்கள் ஹோம் ஃபோல்டரை இயல்பாக எடுக்காது, அமைப்புக் கோப்புகளை மட்டும்தான் எடுக்கும். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தேஜா டூப் என்ற இன்னொரு லினக்ஸ் பேக்கப் மென்பொருள் ஹோமை எடுக்கும், ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை விட்டுவிடும். வாட்ஸ்அப் வெப்பில் இருந்து இறக்கிய சங்கக் கடிதங்கள் எங்கே இருக்கும்? டவுன்லோட்ஸில்தான்.

மக் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் குறைவு. 2007 இல் இருந்து வருகிற டைம் மெஷின் மற்றவற்றைவிட நல்லது. டிஸ்க் நிறைந்ததும் பழைய பிரதிகளைத் தானே அழிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய யூடியூப் காணொளிகளில் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பரிந்துரைப்பார்கள். 2024 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. தேடி இறக்கப் போய் கண்ட கண்ட தளத்தில் வைரஸ் வாங்காதீர்கள்.

படி 3: டிஸ்க் வாங்கும்போது

பென்ட்ரைவில் பேக்கப் எடுக்காதீர்கள். இதில் எனக்கே ஒரு அடி விழுந்தது. இணையத்தில் 2 டிபி பென்ட்ரைவ் ஒன்று நம்ப முடியாத விலைக்கு வந்தது. நம்ப முடியாத விலை என்றால் நம்பாமல் விட்டிருக்க வேண்டும். வாங்கினேன். விண்டோஸ் 2 டிபி என்று காட்டியது. 300 ஜிபி போட்டேன், பிழையே இல்லாமல் முடிந்தது. மகளின் முதலாம் பிறந்தநாள் படங்களைத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம், மீதிப் படம் திறக்கவே இல்லை. உள்ளே இருந்த சில்லு சில பத்து ஜிபிதான். கட்டுப்படுத்திச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்பித்திருக்கிறார்கள், இடம் நிறைந்தபின் வருகிறதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகவோ வெறுமைக்குள்ளோ விழும். எழுதச் சொன்னது எழுதப்பட்டதா என்று பிரதி செய்யும் மென்பொருள் திரும்பிப் பார்ப்பதில்லை. விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

எந்தப் புது பென்ட்ரைவ், மெமரி கார்ட், வெளி டிஸ்க் வாங்கினாலும் எச்2 டெஸ்ட் டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருளால் முதலில் சோதியுங்கள். முழு இடத்தையும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்துச் சொல்லும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு இரவு பிடிக்கும், பிடிக்கட்டும்.

பேக்கப்புக்குப் பெயர் தெரிந்த நிறுவனத்தின் வெளி ஹார்ட்டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஒன்றாவது. வாங்கியதும் அது எந்த ஃபோர்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிமார் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்: ஆயிரம் கோப்பில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஏறியிருக்கும், விடுபட்ட இரண்டும் தாலி கட்டுகிற காட்சி. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மக்கிலும் செருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபட்.

படி 4: பூட்டைப் பற்றி ஒருமுறை யோசியுங்கள்

புது மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசொப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் இது பெரும்பாலும் நடக்கும், உங்களிடம் கேட்காமலே. மதர்போர்ட் எரிந்தால் முன்பெல்லாம் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டு எடுத்துவிடுவோம். இப்போது அது 48 இலக்கத் திறவுகோல் கேட்கும். திறவுகோல் எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் பதிந்திருக்கிறதோ அங்கே இருக்கும். அந்தக் கணக்கை யார் திறந்தது? கடையில் விண்டோஸ் போட்ட பெடியன், ஏதோ ஒரு மின்னஞ்சலில்.

செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கணக்கு உங்களுடையதுதானா என்று உறுதிசெய்து, திறவுகோலைத் தாளில் அச்சிட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். பேக்கப் மென்பொருளில் கடவுச்சொல் போட்டிருந்தால் அதுவும் அதே தாளில். அது மறந்துபோனால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாது.

படி 5: பேக்கப் எடுக்கும் முறை

நான் இப்போது வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுப்பது இதுதான். தானாக நடக்கும் வேலைக்கு ஃபைல் ஹிஸ்டரியை, மேலே சொன்ன லைப்ரரிச் சுற்றுவழியோடு, இயங்க விடுவேன். அதற்குமேல் வாரத்துக்கு ஒருமுறை கையால் எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் போட்டுக் கொடுப்பேன். இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

திறந்தால் இடம், வலம் என்று இரண்டு பக்கம் இருக்கும். இடது பக்கம் உங்கள் ஃபோல்டர், வலது பக்கம் வெளி டிஸ்க். கம்பெயர் அழுத்தினால் எது புதிது, எது மாறியது என்று பட்டியல் வரும். இந்தப் பட்டியலுக்காகத்தான் இதை விரும்புகிறேன், என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே கண்ணால் பார்க்கலாம். பிறகு சிங்க்ரனைஸ்.

முறையைத் தெரிவுசெய்யும் இடத்தில் மிரர் என்று ஒன்று இருக்கும், தொடாதீர்கள். அது வலது பக்கத்தை இடது பக்கம்போலவே ஆக்கும். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு மிரர் ஓட்டினால் பேக்கப்பிலும் அழிந்துவிடும். அப்டேட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள், அது புதியதைச் சேர்க்கும், எதையும் அழிக்காது. அதோடு, மேலெழுதப்படும் கோப்புகளை என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் வேர்ஷனிங் கொடுத்து, வெளி டிஸ்க்கிலேயே 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். நேற்றுக் கெட்டுப்போன எக்செல் கோப்பு இன்றைக்கு நல்ல பிரதியின்மேல் ஏறினாலும், நல்லது 'பழையவை'க்குள் பத்திரமாக இருக்கும்.

இதற்கும் குறை உண்டு. அது கோப்பின் திகதியையும் அளவையும் மட்டும் ஒப்பிடும், உள்ளடக்கத்தைப் பார்க்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடும் முறையை ஃபைல் கொன்டென்ட் என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் டிஸ்க் உள்ளுக்குள் உக்கத் தொடங்கியிருந்தால் அப்போது பிடிபடும்.

படி 6: கரண்ட், இடி, வெள்ளம்

2022 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் நான் மீட்டுக் கொடுத்த டிஸ்க்குகளில் பாதி, பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனவை. மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் பேக்கப் தொடங்காதீர்கள். மடிக்கணினி என்றால் பற்றரி பாதிக்குமேல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் வயரை இழுக்காமல் இஜெக்ட் செய்து கழற்றுங்கள்.

கழற்றுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைல் ஹிஸ்டரி டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது, அதுவும் அதன் குறைதான். ஐப்பசி, சித்திரையில் பின்னேரம் இடி இறங்கும்போது ரவுட்டர் வழியாக வந்து கணினியையும் அதில் தொங்கும் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் அப்படித்தான். கிராக் செய்த மென்பொருளோடு வரும் அந்த ரகம், செருகியிருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும், விண்டோஸ் தனக்குள் தானாக வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் அழித்துவிடும். கடைகளில் விற்கிற கிராக்கைப் பற்றிப் பேசினால் எனக்கே சங்கடம், விட்டுவிடுவோம்.

ஒரு நாளை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை செருகி, எடுத்து, கழற்றி, அலுமாரிக்குள் வையுங்கள். மேல்தட்டில். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவை வெள்ளம் மூடியபோது கீழ் லாச்சியில் இருந்த டிஸ்க்குகள்தான் முதலில் போயின.

படி 7: இரண்டாவது பிரதி வேறு ஊரில்

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கினார். எங்கள் அம்மாவுக்கு அவரைத் தெரியாது. இடப்பெயர்வுக்கு முன்னமே எங்கள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வவுனியாவில் இருந்த சின்னம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தா. 2009 இல் எங்கள் பை எங்கே விழுந்ததென்று இன்றைக்கும் தெரியாது. பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியபோது சின்னம்மாவின் பிரதிதான் எங்களிடம் இருந்த ஒரே தாள்.

மேகத்துக்கு ஏற்றலாமே என்று கேட்பீர்கள். 200 ஜிபி படத்தை 5 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் அனுப்பினால் ஏறத்தாழ 90 மணித்தியாலம், இடையில் ஒரு முறையும் அறாவிட்டால். அதுவும் டேட்டாவுக்குக் காசு கட்டிக்கொண்டு. எனவே சின்னதை மட்டும் மேகத்துக்கு அனுப்புங்கள்: கணக்குகள், கடிதங்கள், பத்திரங்களின் ஸ்கேன். இவை கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபிக்குள் அடங்கும், இரவு டேட்டாவில் ஏறிவிடும். படமும் வீடியோவும் இரண்டாவது டிஸ்க்கில், அந்த டிஸ்க் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டில். கோவில் திருவிழாவுக்குப் போகிறபோது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வாருங்கள்.

படி 8: மீட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாதவரை மேலே செய்ததெல்லாம் நம்பிக்கை மட்டும்தான். வருடத்தில் இரண்டு முறை, உங்கள் கணினியில் அல்ல, வேறொருவருடைய கணினியில் டிஸ்க்கைச் செருகுங்கள். உங்கள் கணினியில் எழுத்துருவும் மென்பொருளும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே இருப்பதால் அங்கே எல்லாம் திறக்கும், ஒன்றும் தெரியவராது.

படி 1 இல் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரின் கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். தாளில் 4,212 என்று இருந்து இங்கே 4,190 என்றால் 22 கோப்பு எங்கே என்று தேடவேண்டும். பெயர் நீண்டவையாகவோ 4 ஜிபிக்கு மேற்பட்டவையாகவோ இருக்கும். பிறகு திறந்து பாருங்கள்: மிகப் பழைய கோப்பு ஒன்று, போன வாரத்தது ஒன்று, மிகப் பெரிய வீடியோவின் கடைசி நிமிடம், பாமினி ஆவணம் ஒன்று, எக்செல் ஒன்று. வீடியோவின் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அறுந்த கோப்புகளும் தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடும்.

செயலாளர் அண்ணையின் கணக்குக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். டிஸ்க்கில் இருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. முந்திய வருடக் கூட்டத்தில் ஒட்டிய பங்குப் பட்டியல் பொதுநோக்கு மண்டபச் சுவரிலேயே இருந்தது, கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதைத் தொலைபேசியில் படம் பிடித்து வந்து, இரண்டு இரவு என் கடையில் இருந்து தட்டச்சுச் செய்தார். போன மாதம் சோதனைக்காக டிஸ்க்கை என் மனைவியின் மடிக்கணினியில் செருகிப் பார்த்தோம். கணக்குத் திறந்தது, எண்ணிக்கை பொருந்தியது. கூட்ட அறிக்கை மட்டும் அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக வந்தது. எழுத்துரு ஃபோல்டரை அவர் டீ டிரைவின் வேறொரு மூலையில் வைத்திருந்தார், லைப்ரரியில் சேர்க்க மறந்துவிட்டார். "ஒருக்கா வலது கிளிக் செய்யுங்கோ அண்ணை" என்றேன்.